ஆறடி நாலங்குலத்துக்கு ஒரு சீட்டு

பாடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரம், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதில் ஒரு பக்கம் ஜெயராமன் வெல்டிங் வேலை பார்த்தான். இன்னொரு பக்கம் அவன் பெண்டாட்டி கஸ்தூரி வண்டிகளுக்கு சீட்டுத் தைத்தாள். லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர், எது வந்தாலும் தைப்பாள். வீடு கள்ளிக்குப்பத்தில். அவளைப் பெற்றவர்கள் அம்பத்தூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தில் கம்பெனிகள் வந்ததும் அப்பா மூட்டை தூக்கப் போனார், கஸ்தூரி பதினேழு வயதில் பஸ் சீட்டுத் தைக்கும் இடத்தில் சேர்ந்தாள். கனத்த ரெக்சினில் ஊசி உடையாமல் தையல் ஓட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும், பட்டறைக்கு வருகிறவர்கள் சீட்டைப் பற்றிய சந்தேகத்தைக்கூட ஜெயராமனிடம்தான் கேட்பார்கள். அவன் திரும்பி அவளைப் பார்ப்பான். அவள் பதில் சொல்வாள். அவர்கள் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அவள் என்றைக்கோ முடிவு கட்டியிருந்தாள்.

எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஒரு புல்லட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கியதும் நிமிரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி முதலில் குதித்து இறங்கி, தன் தோளைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு முழங்காலை ஒவ்வொன்றாக நீட்டினார். நிமிர்ந்தபோது கூரைத் தகரம் நெற்றியில் இடித்தது. ஆறடி நாலங்குலம். மனைவி ஐந்தடிகூட இல்லை.

அவர் பெயர் சண்முகசுந்தரம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் கடைசல் மெஷின் வேலை. மனைவி பத்மா. குழந்தை இல்லை. வருஷத்துக்கு ஒருதரம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் வண்டியிலேயே எங்காவது போய் வருவார்கள். கொடைக்கானல், மைசூர், திருப்பதியைத் தாண்டி அகோபிலம்கூடப் போயிருந்தார்கள். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொள்கிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

அவர் ஜெயராமனைத் தாண்டி நேரே கஸ்தூரியிடம் வந்தார்.

"எத்தனையோ பேர்ட்ட பஞ்சு வச்சுத் தைச்சாச்சு தங்கச்சி. வலி கூடுதே தவிர குறையல. நீங்க பாத்து என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

அப்படி ஒருத்தர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கஸ்தூரி எழுந்து வண்டியிடம் போனாள். அவரை மறுபடியும் வண்டியில் உட்காரச் சொல்லி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். முழங்கால் கிட்டத்தட்ட டாங்கிக்கு மேலே நின்றது. முதுகு வில்லாக வளைந்து, கை இரண்டும் ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்ந்திருந்தது. வண்டியில் குற்றமில்லை. அது நடுத்தர உயரத்து மனுஷனுக்காகச் செய்தது, அவ்வளவுதான்.

பட்டறைக்குப் பின்னால் செங்கல் கிடந்தது. இரண்டு அடுக்கின் மேல் ஒரு பலகையைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். ஒவ்வொரு கல்லாக ஏற்றி, "இப்போ வலிக்குதா அண்ணே, இப்போ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆம்பளை உடம்பில் டேப்பை வைக்க அவளுக்குக் கூச்சம். அதனால் அவள் சொல்லச் சொல்ல பத்மா அளந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து உள்ளங்கால், தோளிலிருந்து விரல் நுனி. விரல் நுனிவரை டேப்பை இழுத்தபோது, இத்தனை நீளக் கை மனுஷனுக்கு உண்டா என்று பத்மா சிரித்தாள். அவரும் சிரித்தார்.

பஞ்சு குறைவென்று எல்லாரும் நினைத்தார்கள். குறைந்திருந்தது பஞ்சு இல்லை, சீட்டுக்கும் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவிலிருந்த தூரம். மெத்தென்ற ஸ்பாஞ்சை எவ்வளவு வைத்தாலும் உட்கார்ந்த அரைமணியில் அமுங்கி, ஆள் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். கஸ்தூரி பழைய சீட்டைப் பிரித்து, தகட்டின் மேல் ரப்பர் பூசிய கெட்டியான தேங்காய் நாரை மூன்று அங்குலத்துக்கு வெட்டி ஒட்டினாள். அதற்கு மேல்தான் ஸ்பாஞ்ச். முன்பக்கம் தொடை உரசாமல் ஒடுக்கினாள். பின்னால் பத்மா உட்காரும் இடத்தை மட்டும் உயர்த்தாமல் விட்டாள். ஜெயராமன் ஃபுட்ரெஸ்டை இரண்டு அங்குலம் தாழ்த்தி, கொஞ்சம் முன்னால் தள்ளிப் பொருத்தினான். திருப்பத்தில் வண்டி சாயும்போது அது தரையில் தட்டிவிடக்கூடாதென்று தெருவிலேயே பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தான். ஹேண்டில்பாருக்குப் புதுக் குழாய் வளைத்து உயர்த்தினான். உயர்த்தியதும் கிளட்ச் கேபிள் எட்டவில்லை, நீளமான கேபிள் தேடிப் போட்டார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அந்த ஐந்து வாரமும் பத்மா கூடவே வந்தாள். அவள் டிபன் கேரியரில் கொண்டுவந்த சொதியை நான்கு பேரும் பட்டறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தேங்காய்ப் பாலில் குழம்பு வைப்பதை கஸ்தூரி அன்றுவரை கேள்விப்பட்டதில்லை. கஸ்தூரியின் இரண்டு பெண்களுக்கும் பத்மா பாவாடை தைத்துக் கொண்டுவந்தாள். அக்கா தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துப் பிறகு அப்படியே ஆகிவிட்டார்கள்.

அந்த வருஷம் பத்மாவும் புருஷனும் கன்னியாகுமரி போனார்கள். திரும்பி வந்த அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார் சண்முகசுந்தரம். யார் தோளையும் பிடிக்காமல் இறங்கி, நிமிர்ந்து நின்று காட்டினார். கஸ்தூரி சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் நெட்டையான ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டாளத்து வடக்கத்திக்காரர்கள், போலீஸ்காரர்கள், பாஸ்கட்பால் ஆடும் ஒரு ரயில்வே கிளார்க். வந்ததும் "கஸ்தூரி யாரு?" என்றுதான் கேட்டார்கள். சண்முகசுந்தரம் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் அவர் தனியாக வந்தார். ஜெயராமன் வெல்டிங் கம்பி வாங்கப் போயிருந்தான். வண்டியைக் கொண்டுவரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். தையல் மெஷினுக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட டின்னில் உட்கார்ந்து, கையை நீட்டிக் கட்டை விரலை உள்ளங்கையில் மடக்கி மற்ற விரல்களால் மூடினார். கட்டை விரல் அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"டாக்டர் இப்பிடிச் செய்யச் சொல்லித்தான் பாத்தாரு தங்கச்சி. என் உசரமே ஒரு வியாதியாம்."

நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், பழைய ட்யூப் போல ஒரு இடத்தில் உப்பியிருக்கிறது என்றார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துக் காட்டினார்களாம். எப்போது வேண்டுமானாலும் கிழியலாம், பல வருஷம் அப்படியே இருந்தாலும் இருக்கும். பளு தூக்கக்கூடாது, மூச்சைப் பிடித்து எந்த வேலையும் செய்யக்கூடாது, தூரப் பயணம் கூடாது. நவம்பரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பிழைப்பது பாதிக்குப் பாதி.

கஸ்தூரி தையலை நிறுத்தினாள். பத்மாக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தி நானே சொல்லுவேன். அதுக்குள்ள ஒருதரம் போயிட்டு வந்துருதோம். ஜோக் அருவிய பாக்கணும்னு அவ பத்து வருஷமா கேக்கா. தெரிஞ்சா கிளம்ப விடமாட்டா. முதுகு சாய்ஞ்சுக்கிட மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரத்தான் செய்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர், அந்தப் பட்டறையில் அவளை ஒரு தொழில்காரியாக மதித்து முதன்முதலில் பேசிய மனுஷன். அவர் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. நல்லபடியாக உட்கார வைத்தால் உடம்பு நோகாது, நோகாமல் போய்த் திரும்பிவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரியென்று தலையாட்டினாள்.

சாயங்காலம் ஜெயராமனிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான்.

"அந்தம்மாகிட்ட சொல்லிடு கஸ்தூரி."

"சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்கு வாக்கு குட்த்துட்டேன்யா."

அவன் கம்பியை மறுபடியும் எடுத்துக்கொண்டான். மறுநாள் குழாயை வளைத்து, சீட்டுக்கு நடுவில் அவர் முதுகு படும் இடத்தில் ஒரு சாய்மானம் செய்து கொடுத்தான். கஸ்தூரி அதற்கு மெத்தை வைத்துத் தைத்தாள். அளவு பார்க்க அவர்கள் இரண்டு பேரும் வந்த அன்று பத்மா அந்தச் சாய்மானத்தைத் தட்டிப் பார்த்து, இத்தனை வருஷம் இல்லாமல் இது எதற்கு, இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதானே வழக்கம் என்றாள். சண்முகசுந்தரம் வேறெங்கோ பார்த்தார்.

"அண்ணனுக்கு வயசாவுதில்லக்கா" என்றாள் கஸ்தூரி.

பத்மா சிரித்தாள். அவளுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. அவருக்கு நாற்பத்து மூன்று.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கிளம்பினார்கள். ஒன்பதாம் நாள் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்து செய்தி சொன்னார். அருவியைப் பார்த்துவிட்டு, மலைப்பாதையில் கடற்கரைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது சண்முகசுந்தரம் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். ஸ்டாண்டு போட்டு, பத்மாவை இறக்கிவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ கிழிப்பது போல வலிக்கிறதென்று சொல்லிக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை. பாஷை தெரியாத ஊரில், பிணத்தோடு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பத்மா தனியாக இருந்திருக்கிறாள்.

வேனில் உடல் வந்தது. பெட்டி நீளம் போதாமல் காலைக் கொஞ்சம் மடக்கி வைத்திருந்தார்கள். குடியிருப்பு வாசலில் அதைப் பார்த்த கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்மா வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நல்லாத்தான இருந்தாரு கஸ்தூரி, நல்லாத்தான இருந்தாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கஸ்தூரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பத்மா பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு காகித உறை. தொழிற்சாலையில் அவருடைய அலமாரியைக் காலி செய்து கொடுத்தபோது இருந்ததாம். ஆஸ்பத்திரிச் சீட்டு, படங்கள், ஆபரேஷனுக்குக் குறித்த தேதி. எல்லாம் ஆகஸ்டில் எழுதியது. தொழிற்சாலை டாக்டரிடம் காட்டி விவரம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். சாய்மானம் செய்ததும் ஆகஸ்டு என்பது அவளுக்கு வழியில் பஸ்ஸில் வரும்போது உறைத்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாதென்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பத்மா நம்பியிருப்பாள். ஜெயராமன் மெஷினை நிறுத்திவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா."

பத்மா உட்காரவில்லை. சத்தம் போடவும் இல்லை. வழியெல்லாம் அவர் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்யவே இல்லை என்றாள். டீக்கடையில், பெட்ரோல் பங்கில், போகிற வருகிற இளவட்டங்களைக் கூப்பிட்டு, ஒரு உதை உதைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"நான் கேலி பண்ணுனேன். வயசாயிட்டு உங்களுக்குன்னு சிரிச்சேன். நீ சொன்னதத்தான் சொன்னேன். வழி நெடுக அதையே சொல்லிச் சிரிச்சேன். அவரும் ஆமா ஆமான்னாரு." உறையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அருவியோட திரும்பிரலாம்னாரு. நாந்தான், இவ்வளவு தூரம் வந்தாச்சு, கடலையும் பாத்துட்டுப் போவோம்னு அடம்பிடிச்சேன். தெரிஞ்சிருந்தா அடம்பிடிப்பனா கஸ்தூரி?"

கஸ்தூரி அவள் காலைத் தொடக் குனிந்தாள். பத்மா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அவரு போயிருப்பாரு. நான் தடுத்தாலும் ஒருநா போகத்தான் போயிருப்பாரு. ஆனா நான் தெரிஞ்சு பக்கத்துல இருந்திருப்பேம்லா."

அவ்வளவுதான் பேசினாள். உறையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனாள். கஸ்தூரி வாசல் வரை போய் நின்றாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு இரண்டு தடவை கஸ்தூரி ஆவடிக் குடியிருப்புக்குப் போனாள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை பக்கத்து வீட்டுக்காரி, பத்மாவுக்குத் தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்துவிட்டதென்றும், பட்டாபிராமில் வீடு பார்த்துப் போய்விட்டாளென்றும் சொன்னாள். புல்லட்டைக் கர்நாடகத்திலிருந்து ரயிலில் அனுப்பியிருந்தார்கள். பத்மா பார்சல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்த ஒருவருக்கே வண்டியைக் கொடுத்துவிட்டாளாம்.

கஸ்தூரி வேலையை விடவில்லை. விட்டால் சோறு ஏது. ஆனால் உயரமான ஆட்கள் வந்து, தூரம் போகிற வண்டிக்கு சீட்டு வேண்டுமென்று கேட்டால் அவள் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்பாள். பெண்டாட்டியோ, அம்மாவோ, யாராவது ஒருத்தர். அவர்களை எதிரே உட்கார வைத்து, இவர் எங்கே போகிறார், உடம்புக்கு ஏதாவது உண்டா, உனக்குத் தெரிந்துதான் போகிறாரா என்று கேட்பாள். சிலர் சிரித்தார்கள். சீட்டுத் தைக்க ஜாதகம் கேட்கிறாள் என்று ஒரு போலீஸ்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஜெயராமன் ஒருநாளும் அவளைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, எல்லாரும் போன பிறகு, "உன் மேல மட்டும் தப்பில்ல, நானுந்தான் சாய்மானத்துக்குக் கொயா வளைச்சேன்" என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. ஆறுதலாக இல்லை.

மகள்கள் வளர்ந்தார்கள். பத்மா தைத்துக் கொடுத்த பாவாடைகள் சிறுத்துப் போயின. சின்னவள் ஒருநாள் பத்மா பெரியம்மா ஏன் வருவதே இல்லை என்று கேட்டாள். வேலைக்குப் போகிறார்கள், நேரமில்லை என்று கஸ்தூரி சொன்னாள். சொன்ன பிறகு, இதுவும் இன்னொரு பொய் என்று தோன்றியது. பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பதின்மூன்று வயதுப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டது. வாக்குக் கொடுத்ததால் என்று சொன்னால் பாதி உண்மைதான். அவர் கேட்டது தன்னை, புருஷனை அல்ல என்பதில் இருந்த பெருமை மீதிப் பாதி. அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது.

தொண்ணூற்றேழில் திருவள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு கஸ்தூரி ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தாள். பட்டாபிராமில் பெண்கள் பெட்டியில் ஏறியவர்களில் பத்மாவும் இருந்தாள். முன்பக்கம் முடி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். பெட்டியில் இடம் இருந்தது. பத்மா வேறு பக்கம் போகலாம். கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வந்து எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தாள்.

இந்துக் கல்லூரி நிலையம் போயிற்று. ஆவடி வந்தது, தொழிற்சாலைப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். வண்டி கிளம்பிய பிறகுதான் பத்மா பேசினாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல கஸ்தூரி. போகும்னும் தோணல."

"போவ வேணாங்க்கா" என்றாள் கஸ்தூரி.

பத்மா ஜன்னல் வெளியே பார்த்தாள். அண்ணனூர் தாண்டியதும் பெரியவள் என்ன செய்கிறாள் என்று கேட்டாள். டைப்பிங் படிக்கிறாள், பத்தாவதில் கணக்கில்தான் மார்க் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று கஸ்தூரி சொன்னாள். சின்னவள் எப்படி என்று கேட்டாள். அதற்கும் சொன்னாள். ஜெயராமனுக்கு வெல்டிங் வெளிச்சத்தில் கண் மங்கி வருவதைச் சொன்னாள். எந்த டாக்டரைப் பார்க்கிறீர்கள் என்று பத்மா விசாரித்தாள். அம்பத்தூர் வந்ததும் கஸ்தூரி எழுந்தாள். வருகிறேன் என்று சொல்ல நினைத்து, அது பொருந்துமா என்று தெரியாமல், தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கினாள்.

அடுத்து வந்த பொங்கல் முடிந்து பத்மா பட்டறைக்கு ஒருதரம் வந்தாள். மறு வருஷம் பெரியவள் கல்யாணத்துக்கும் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசினார்கள். அவர் பெயரை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை. பத்மா கிளம்பிப் போன பிறகு கஸ்தூரி மெஷின் முன்னால் உட்காருவாள். ஊசியில் நூல் கோர்த்துவிட்டு வெகுநேரம் தைக்காமலே இருப்பாள். ஜெயராமன் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பான்.